உங்கள் பகுதிக்கு ஓர் இணையத் தகவல் வலையமைப்பு: தொடங்குவது முதல் விடாமல் ஓட்டுவது வரை

ஒரு பகுதியில் வசிக்கிறவர்களுக்குத் தினமும் தேவைப்படுகிற தகவல் பெரும்பாலும் எந்தச் செய்தியிலும் வராது. ஞாயிற்றுக்கிழமை எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, நாளைக்குத் தண்ணீர் வருமா. இதெல்லாம் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒருவர் யார் என்பதுதான் மற்றவர்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை இணையம் வழியாக நிரப்ப நினைக்கிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. தொழில்நுட்ப வேலையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். போட்ட தகவல் ஆறு மாதம் கழித்தும் உண்மையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகும், கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கணக்கை மனதில் வைத்து எழுதியவை.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1973-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கணினி முனையம் ஒன்றை வைத்து, யார் வேண்டுமானாலும் அறிவிப்பைச் சேர்க்கலாம், தேடலாம் என்று ‘கம்யூனிட்டி மெமரி’ திட்டத்தைத் தொடங்கினார்கள். பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆளும் இருந்தார். 1986-ல் டாம் கிரண்ட்னர் தொடங்கிய கிளீவ்லாண்ட் ஃப்ரீ-நெட் என்ற இலவசக் கணினித் தகவல் சேவை, அதற்கு முன்பு அவரே நடத்திய ஒரு சேவையிலிருந்து வளர்ந்தது: மக்கள் மருத்துவக் கேள்வியைத் தட்டச்சு செய்து விட்டுப்போவார்கள், டாக்டர்கள் வந்து பதில் எழுதுவார்கள். முதலில் கேள்வி, அப்புறம்தான் கருவி. அதே வரிசையில் போவோம்.

படி 1: கேள்விகளைப் பொறுக்கிச் சேருங்கள்

இணையதளம், குழு, லோகோ எதையும் தொடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் உங்கள் பகுதி மக்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற குடியிருப்போர் குழுக்கள், பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை என்று கேள்விகள் எங்கும் கிடக்கின்றன. கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘குப்பை வண்டி எப்போ வரும்’ என்று கேட்கிறவர் ‘திடக்கழிவு சேகரிப்பு அட்டவணை’ என்று தேடப்போவதில்லை. பின்னால் தலைப்பு வைக்கும்போது இந்தப் பட்டியல் அப்படியே கைகொடுக்கும்.

சேர்ந்ததை நான்காகப் பிரியுங்கள். முதல் வகை, அடிக்கடி மாறாதவை: அலுவலக நேரம், போன் எண்கள், ஒரு சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பது மாதிரி. இரண்டாவது, தேதியோடு வருபவை: முகாம், கூட்டம், கட்டணக் கெடு. மூன்றாவது, அவசரம்: மின்தடை, சாலை அடைப்பு, வெள்ளம், காணாமல் போனவர். நான்காவது, ஆளுக்கு ஆள் பேசிக்கொள்பவை: நல்ல பிளம்பர் யார், பழைய சைக்கிள் வேண்டுமா, சாவிக்கொத்து கிடைத்தது. இந்த நான்கையும் ஒரே பாத்திரத்தில் கொட்டுவதால்தான் பெரும்பாலான உள்ளூர்க் குழுக்கள் பாழாகின்றன. அவசரச் செய்தி பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவே புதைந்துபோகிறது, போன் எண்ணை வாரம் ஒருவர் புதிதாகக் கேட்கிறார், பதில் சொன்னவருக்கே அலுத்துவிடுகிறது.

படி 2: எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

சந்தேகம் வந்தால் குழுவில் ஒருவர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம், அதுதான் நல்ல எல்லை. ஒரு நகரம் முழுக்க என்று ஆரம்பித்தால் எதையும் சரிபார்க்க முடியாது. எந்தெந்தத் தெரு உள்ளே, எது வெளியே என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெருக்க வேண்டும் என்று தோன்றினால் பக்கத்துப் பகுதிக்காரர்கள் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்க உதவுங்கள், இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

படி 3: மூன்று பேராவது வேண்டும்

ஒருவர் மட்டும் நடத்துகிற தளம் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தோடு நின்றுவிடும். குறைந்தது மூன்று பேர்: ஒருவர் தகவல் சேகரித்துச் சரிபார்க்க, ஒருவர் பதிவேற்ற, ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் குழுவில் சண்டை வராமல் பார்க்க. இவர்களைத் தவிர, ஒவ்வொரு துறையிலும் தெரிந்த ஒருவரைப் பிடித்து வையுங்கள். நூலகர், ஆசிரியர், செவிலியர், பஸ் ஓட்டுநர், மின்வாரிய ஊழியர் போன்றவர்கள் எழுத வேண்டியதில்லை, நீங்கள் கூப்பிட்டால் ‘ஆமாம்’, ‘இல்லை’ சொன்னால் போதும். என்னைக் கேட்டால் கணினி தெரிந்த இளைஞரைவிட எல்லா வீட்டிலும் அறிமுகமுள்ள ஓய்வு பெற்ற ஒருவர் இந்த வேலைக்கு அதிக லாபம்.

டொமைன் (இணையதளத்தின் முகவரிப் பெயர்), இணையதளம், குழு, சேனல் என எல்லாவற்றுக்கும் குறைந்தது இரண்டு பேர் அட்மினாக இருக்கட்டும். எவருடைய சொந்த மின்னஞ்சலிலும் கணக்கைத் தொடங்காதீர்கள், வலையமைப்புக்கென்று தனி முகவரி போதும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பாதுகாப்பு) போட்டு, அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

படி 4: வீடு ஒன்று, கதவுகள் பல

தகவல் தங்குகிற இடம் வேறு, தகவல் மக்களிடம் போகிற வழி வேறு. தங்குகிற இடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். யாகூவின் இணையக் குழுச் சேவையான யாகூ குரூப்ஸ் வருடக்கணக்காகச் சேர்ந்த பதிவுகளை 2019 இறுதியில் அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் மொத்தமாக மூடியது. இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-லேயே போனது. இலவச மேடை எதுவும் உங்களுக்காக நடப்பதில்லை.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். அடித்தளமாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் (எக்செல் மாதிரி கணினி அட்டவணை), எல்லாத் தகவலும் முதலில் அங்கே வரிசையாக ஏறட்டும். அதிலிருந்து சொந்த டொமைனில் ஓர் எளிய இணையதளம். முதல் வகைத் தகவல் அங்கே நிலையாக இருக்கும். தேதி உள்ளவற்றுக்கு எவரும் தங்கள் போனில் சேர்த்துக்கொள்ளக்கூடிய பொதுக் காலண்டர். அவசரத்துக்கு நீங்கள் மட்டும் எழுதக்கூடிய ஒருவழிச் சேனல். பேச்சுக்கு மட்டும் குழு. ஒருவழிச் சேனலில் எவரும் பதில் போட முடியாது என்பதால் அங்கே சத்தம் வந்தால் மக்கள் உடனே எடுத்துப் பார்ப்பார்கள், அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வாரத்துக்கு நாலைந்து செய்திக்கு மேல் அதில் போடாதீர்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒருவர் போன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். தெரியாத ஆட்களோடு எண்ணைப் பகிரத் தயங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதனாலேயே சேரமாட்டார்கள். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண்ணைச் சக வாசகர்கள் பார்க்க முடியாது. டெலிகிராம் குழு 2,00,000 பேர் வரை தாங்கும், எண்ணையும் மறைத்துக்கொள்ளலாம். இவற்றுக்குள் எழுதுவது பெரும்பாலும் தேடுபொறியில் அகப்படாது என்பதையும் நினைவில் வைத்து, ஒரு கேள்வி இரண்டாவது முறை வந்தால் பதிலை இணையதளத்தில் ஏற்றி லிங்க் கொடுக்கப் பழகுங்கள்.

இணையதளம் அழகாக இருக்க வேண்டியதில்லை, வேகமாகத் திறக்க வேண்டும். மலிவான போனில், மோசமான சிக்னலில் திறந்து பாருங்கள். அறிவிப்பைப் படமாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ மட்டும் போட்டால் தேட முடியாது, கண் பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் தடுமாறும். படம் இருந்தாலும் அதில் உள்ளதை யூனிகோடில் (எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துக் குறியீடு) எழுத்தாகவும் போடுங்கள். பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த அறிவிப்பு கைக்கு வந்தால் மாற்றிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு போனில் புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரியும். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிற மாதிரி வையுங்கள்.

படி 5: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே வடிவம்

இந்தப் படியைச் சோம்பேறித்தனத்தில் தாண்டினால் பின்னால் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்க வேண்டிய கட்டங்கள்: என்ன, எங்கே, எப்போது, யாருக்கு, தொடர்பு எண், யார் சொன்னது, எப்போது சரிபார்த்தது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எப்போது நீக்க வேண்டும். ஒரு மாதிரி:

‘குழந்தைகள் தடுப்பூசி முகாம். 14 மார்ச் 2026, சனிக்கிழமை, காலை 9 முதல் மதியம் 1 வரை. சுகாதார நிலையம், பின்பக்க வாசல் வழியாக. தடுப்பூசி அட்டை கொண்டுவர வேண்டும். சொன்னது: நிலைய அலுவலகம், போனில். சரிபார்த்தது: 11 மார்ச்.’

இதில் நீக்க வேண்டிய நாள் 15 மார்ச். வாசகருக்கு அது தேவையில்லை, உங்கள் ஷீட்டில் இருந்தால் போதும்.

‘இன்று’, ‘நாளை’, ‘வரும் ஞாயிறு’ ஆகிய சொற்களை முழுமையாகத் தடை செய்யுங்கள். ‘நாளை காலை 10 மணி முதல் மின்தடை’ என்று போடப்பட்ட செய்தி ஃபார்வர்ட் ஆகி ஆகி மூன்று வாரம் கழித்து வேறொரு குழுவில் வந்து நிற்கும், அப்போதும் அது ‘நாளை’தான். தேதி, கிழமை, காலையா மாலையா, கூடவே பகுதியின் பெயர், இத்தனையும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். கிழமையை எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு: தேதியைத் தப்பாக அடித்திருந்தால் கிழமை பொருந்தாமல் போய் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘சரிபார்த்தது’ என்ற வரி வாசகருக்கும் தெரியட்டும். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி கண்ணில் பட்டால் கிளம்புவதற்கு முன் அவரே ஒரு போன் செய்துகொள்வார்.

படி 6: சரிபார்ப்பது எப்படி

எண் என்றால் கூப்பிட்டுப் பாருங்கள். நேரம் என்றால் அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் கேளுங்கள். இணையத்தில் இன்னொரு பக்கத்தில் பார்த்தேன் என்பது சரிபார்ப்பு ஆகாது, அந்தப் பக்கம் எங்கிருந்து எடுத்தது என்று எவருக்கும் தெரியாது. அவசரச் செய்திக்கு ஒருவரை ஒருவர் சாராத இரண்டு பேர் சொல்ல வேண்டும். ஒரே ஃபார்வர்டைப் படித்த இருவர் ஒருவர்தான்.

வதந்தி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் இது உயிர் போகிற சமாச்சாரம். 2018-ல் இந்தியாவில் குழந்தைக் கடத்தல் வதந்திகளை நம்பிய கும்பல்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்ற பிறகுதான் வாட்ஸ்அப் அங்கே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019-ல் உலகம் முழுக்க அதே வரம்பு, 2020 ஏப்ரலிலிருந்து பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். செயலி வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். குழுவுக்குள் வந்ததை நிறுத்த வேண்டியது நீங்கள்.

ஒரு சந்தேகச் செய்தி வந்தால் அனுப்பியவரிடம் மூன்று கேள்வி: நீங்களே பார்த்தீர்களா, எங்கே, எத்தனை மணிக்கு? பார்க்கவில்லை என்றால் செய்தியை எடுத்துவிட்டு ‘விசாரிக்கிறோம்’ என்று மட்டும் போடுங்கள். பொய் என்று தெரிந்த பிறகு மறுப்பு எழுதும்போது வதந்தியையே தலைப்பாக்காதீர்கள். ‘பாலம் உடையவில்லை’ என்பதைவிட ‘பாலத்தில் போக்குவரத்து வழக்கம்போல் நடக்கிறது, 5.30-க்கு நேரில் பார்த்தோம்’ என்பது நல்ல மறுப்பு. நீங்களே தப்பாகப் போட்டிருந்தால் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். எந்த இடத்தில் போட்டீர்களோ அதே இடத்தில், என்ன தவறு, எது சரி என்று திருத்தம் போடுங்கள்.

படி 7: விதிகள், அந்தரங்கம்

விதிகள் ஒரு திரையில் அடங்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஃபார்வர்ட் கூடாது, வாழ்த்துப் படங்கள் கூடாது, கட்சிப் பிரசாரம் கூடாது, விளம்பரம் குறிப்பிட்ட கிழமையில் மட்டும், தனிமனிதர் மேல் குற்றச்சாட்டு பொதுவில் கூடாது. கடைசி விதிக்குக் காரணம் மரியாதை மட்டுமில்லை, அவதூறு வழக்கு உங்கள் தலையில் வந்து விழலாம். விதி மீறினால் முதலில் தனிச்செய்தி, இரண்டாவது தடவை ஒரு வாரம் வெளியே, மூன்றாவது தடவை நிரந்தரமாக. உங்கள் நண்பருக்கும் இதேதான். நண்பரை விட்டுவைத்த அன்றைக்கே விதி செத்துவிடும்.

அந்தரங்க விஷயத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. கீழே கிடந்த பொருளின் அறிவிப்பில் முழு விவரமும் போடாதீர்கள். ‘ஒரு சாவிக்கொத்து கிடைத்தது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்’ என்று எழுதினால் உரியவர் மட்டும் சரியாகச் சொல்வார். அடையாள அட்டை கிடைத்தால் படமெடுத்துப் போடவே கூடாது, முதல் பெயரும் கிடைத்த இடமும் போதும். ரத்தம் வேண்டும், ஆளைக் காணோம் என்கிற அறிவிப்புகளில் ஒரு குடும்பத்தின் எண் இருக்கும், தேவை முடிந்த அன்றே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் அந்த வீட்டுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். தனிநபர் எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் பட்டியலில் ஏற்றாதீர்கள், குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் கேட்டுக்கொண்டாலொழியப் போடாதீர்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதைக் குழுவில் எழுதவும் விடாதீர்கள்.

படி 8: நிரப்பிவிட்டுத் திறவுங்கள்

காலி இணையதளத்தைத் திறந்துவைத்து ‘தகவல் அனுப்புங்கள்’ என்று கேட்டால் ஒருவரும் அனுப்பமாட்டார். முதல் படியில் சேர்த்த கேள்விகளில் அடிக்கடி வந்த முப்பது நாற்பதுக்குப் பதில் ஏற்றிய பிறகு அறிவியுங்கள். மக்கள் காத்திருக்கிற இடங்களில் கியூஆர் கோடு போட்ட தாளை ஒட்டுங்கள், முகவரியை எழுத்திலும் போடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை மறந்தால் தகவல் அதிகம் தேவைப்படுகிறவர்களையே விட்டுவிட்டதாக ஆகும், அதனால் முக்கிய எண்கள் அடங்கிய ஒரு பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சடித்து அறிவிப்புப் பலகைகளில் மாட்டுங்கள். அடியில் தேதி கட்டாயம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை ஒரே நேரத்தில், அந்த வாரத்துக்கான ஐந்தாறு விஷயங்களை ஒரே செய்தியாக அனுப்புங்கள். துண்டு துண்டாகப் பத்து செய்தி வந்தால் மக்கள் குழுவை மௌனமாக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 2006-லிருந்து இயங்கும் ஃப்ரண்ட் போர்ச் ஃபோரம், அக்கம்பக்கத்தார் சொந்தப் பெயரில் எழுதுவதைத் தொகுத்து மின்னஞ்சல் இதழாக அனுப்புகிறது. ஆள் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள். கோபத்தில் உடனுக்குடன் பதிலடி கொடுக்க அங்கே வழியே இல்லை, நிதானத்துக்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

படி 9: பராமரிப்பு

இதற்கு ஒரு நாள்காட்டி போடுங்கள். வாரம் ஒருமுறை: காலாவதியான நிகழ்ச்சிகளை நீக்குவது, பதில் கிடைக்காமல் போன கேள்விகளைப் பட்டியலிடுவது. மாதம் ஒருமுறை: ஷீட்டை ‘அடுத்து பார்க்க வேண்டிய தேதி’ வாரியாக வரிசைப்படுத்தி மேலே வருகிறவற்றைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது. இருநூறு பதிவு இருந்து, ஒவ்வொன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதென்றால் மாதம் முப்பத்துச் சொச்சம் அழைப்பு. மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பதினொன்று பன்னிரண்டு. இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்த்து, தாங்காது என்றால் பதிவுகளைக் குறையுங்கள். சரிபார்க்க ஆளில்லாத ஐந்நூறு பதிவைவிட எண்பது போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷீட்டையும் தளத்தையும் பேக்கப் எடுங்கள். ஷீட்டை சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) இறக்கிவைத்தால் நாளைக்கு எந்த மென்பொருளிலும் திறக்கும். டொமைன் புதுப்பிக்கும் தேதி குறைந்தது இரண்டு பேரின் போனில் நினைவூட்டலாக இருக்கட்டும். காலாவதியான டொமைனை வேறு யாராவது வாங்கிச் சூதாட்டத் தளமாக மாற்றிவிட்டால் ஒட்டிய அத்தனை கியூஆர் தாள்களும் அங்கே கூட்டிப்போகும்.

பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே கேள்வி குழுவில் திரும்பத் திரும்ப வருவது குறைகிறதா, ‘இந்த எண் மாறிவிட்டது’ என்று வாசகர்களே சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உடனே நன்றி சொல்லி அன்றைக்கே திருத்துங்கள், அடுத்த தன்னார்வலர் அங்கிருந்துதான் வருவார். செலவுக்கு விளம்பரம் வாங்கினால் விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட்டு, வரவு செலவைத் தளத்திலேயே வையுங்கள்.

படி 10: அவசர காலத்துக்கு முன்கூட்டியே

புயலும் வெள்ளமும் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. மின்தடை, தங்குமிடம், சாலை அடைப்பு, குடிநீர் என்று ஒவ்வொன்றுக்கும் செய்தி மாதிரியை இப்போதே எழுதி, இடமும் நேரமும் நிரப்புகிற கட்டங்களைக் காலியாக விட்டு வையுங்கள். செய்தியின் கடைசியில் ‘அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு’ என்று போட்டு, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 6 மணிக்கு ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லுங்கள். மௌனத்தை வதந்தி நிரப்பிவிடும்.

2008-ல் கென்யாவில் தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையின்போது உருவான உஷாஹிதி என்ற இணையதளம், பொதுமக்கள் அனுப்பிய செய்திகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியது. அந்த மாதிரிப் பொதுப் பட்டியலை உங்கள் பகுதியில் திறந்தால் ஒவ்வொரு உதவிக் கோரிக்கைக்கும் நிலை என்ன என்பதைக் கட்டாயமாக்குங்கள்: வந்தது, ஆள் போயிருக்கிறார், முடிந்தது. இல்லாவிட்டால் ஏற்கெனவே மீட்ட வீட்டுக்கே மூன்று படகு போகும், பக்கத்துத் தெருவுக்கு ஒன்றும் போகாது. இணையமே போய்விட்டால் என்ன என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். தெருவுக்கு ஒரு தொடர்பாளர், எஸ்எம்எஸ் பட்டியல், அச்சடித்த எண் தாள்.

படி 11: கைமாற்றுவதும் நிறுத்துவதும்

நடத்துகிறவர்கள் வீடு மாறுவார்கள், வேலை மாறும், சலிப்பும் வரும். எந்தக் கணக்கு எங்கே, எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டால் பதில் வரும், மாத வேலைகள் என்னென்ன என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதிவைத்து, புதியவரோடு குறைந்தது ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்துவிட்டு விலகுங்கள். எடுத்து நடத்த எவரும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு மாதம் முன்கூட்டி அறிவித்து, மாறக்கூடிய எண்களையும் நேரங்களையும் முதலில் நீக்கி, மிச்சமுள்ள பக்கங்களை இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, முகப்பில் ‘இந்தத் தேதிக்குப் பிறகு எதுவும் சரிபார்க்கப்படவில்லை’ என்று தேதியோடு எழுதிவையுங்கள். ஒட்டிய தாள்களையும் நடந்துபோய்க் கிழித்துவிடுங்கள்.